வேலூரிலிருந்து ரோலர் கோஸ்டர் ஏறப் போகிறீர்களா? எங்கே போவது, எதற்குப் பயப்படுவது

கேள்வி இது: "சத்துவாச்சாரியில் இருக்கிறோம். பெண்ணுக்கு 13 வயது, பையனுக்கு 9. பெரிய ரோலர் கோஸ்டர் ஏற வேண்டும் என்று ஆறு மாதமாக நச்சரிக்கிறார்கள். சொந்தக் கார் இருக்கிறது, ஓட்டுவது நான் ஒருவன்தான். சென்னைப் பக்கமா, பெங்களூர்ப் பக்கமா? ஒரே நாளில் போய்த் திரும்பலாமா? 'அறுந்து விழுந்தா என்னடா பண்ணுவ' என்று அம்மா தடுக்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?"

தம்பி, அம்மாவின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அவர்கள் பயப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் பயப்பட வேண்டிய நேரம் ரைடில் இருக்கும் இரண்டு நிமிடம் அல்ல. ராத்திரி நீங்கள் தூக்கக் கலக்கத்தோடு காஞ்சிபுரம் தாண்டி வாலாஜாவை நோக்கி ஓட்டி வரும் அந்த ஒன்றரை மணி நேரம்தான். இதைச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

நான் குடியாத்தத்தில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவன். ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் 22 வருஷமாக மெயின்டனன்ஸ் ஃபிட்டர். செயின், கியர், பேரிங், பிரேக் இவற்றோடுதான் என் பிழைப்பு. தொண்ணூறுகளில் எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து பஸ் பிடித்துத் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா கேளிக்கைப் பூங்காவுக்கு டூர் கூட்டிப் போனார்கள். அன்றைக்குப் பிடித்தது இந்தக் கோஸ்டர் பைத்தியம். கோஸ்டர் என்று எங்கே கேள்விப்பட்டாலும் அதன் அடியில் போய் நின்று சக்கரத்தைப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது.

அம்மாவிடம் மாட்டுவண்டியிலிருந்து ஆரம்பியுங்கள். வண்டிச் சக்கரம் அச்சிலிருந்து கழன்று ஓடாமல் காப்பது ஒரு சின்னக் கடையாணி. ரோலர் கோஸ்டரிலும் அந்த வேலையைச் செய்ய ஆள் இருக்கிறது. அதன் தண்டவாளம் ரயில் தண்டவாளம் போல இருக்காது, உருண்டைக் குழாய். வண்டியின் ஒவ்வொரு மூலையிலும் அந்தக் குழாயை மூன்று பக்கமும் சக்கரங்கள் கவ்வியிருக்கும். மேலே ஒன்று பாரத்தைத் தாங்கி ஓடும். பக்கவாட்டில் ஒன்று வளைவில் ஒதுங்காமல் பிடிக்கும். மூன்றாவது, குழாய்க்கு அடியில். வண்டி மேடு தாண்டும்போது எகிறப் பார்க்கும், அப்போது கீழிருந்து பிடித்து நிறுத்துவது அந்த அடிச்சக்கரம். ஜான் மில்லர் என்ற அமெரிக்கர் 1919இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அதற்குப் பிறகுதான் இவ்வளவு செங்குத்தான இறக்கமெல்லாம் கட்டும் துணிச்சல் வந்தது. வண்டி தண்டவாளத்தின் மேல் வெறுமனே உட்கார்ந்திருக்கவில்லை, அதை மூன்று பக்கமும் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடுகிறது. அம்மாவுக்கு இந்த ஒன்று புரிந்தால் பாதி பயம் போய்விடும்.

அடுத்தது ஏற்றம். செயின் இழுத்து மேலே கொண்டுபோகும்போது அடியிலிருந்து 'டக் டக் டக்' என்று ஒரு சத்தம் வரும். ஏதோ உடைகிறது என்று பிள்ளைகள் முகம் வெளுத்துவிடும். எனக்கோ அது அப்பாவின் தறிச் சத்தம். கைத்தறியில் நெய்த துணியைச் சுருட்டும் மரத்தின் ஓரத்தில் ஒரு பல்சக்கரமும், அதில் விழுந்து பிடிக்கும் ஒரு நாக்கும் இருக்கும். மரம் முன்னால் சுற்றும், பின்னால் ஒரு பல்கூடத் திரும்பாது. ஏற்றத்திலும் அதே கதைதான். வண்டியின் அடியில் நாக்கு, தண்டவாளத்தின் நடுவில் பல் வரிசை. செயினே அறுந்தாலும் வண்டி ஒரு பல் தூரம் பின்னால் வந்து நாக்கு மாட்டி நிற்கும். அந்தச் சத்தம் கேட்கிறவரை காவல் இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். சில புதிய ரைடுகளில் சத்தம் வராமல் செய்துவிட்டார்கள். எனக்கு அது கொஞ்சம் வருத்தம்தான்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு செய்தி: 1884இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் அமெரிக்காவின் முதல் கேளிக்கைக் கோஸ்டரைக் கட்டிய லமார்கஸ் தாம்சன், அதற்கு முன் தையல் இல்லாத காலுறை பின்னும் இயந்திரத்தில் பணம் பார்த்தவர். நூல்காரர்! ஐந்து சென்ட் கட்டணம், மணிக்கு சுமார் 10 கிலோமீட்டர் வேகம். நம் ஊர் சைக்கிளைவிடக் கம்மி. அதற்கே கூட்டம் அலைமோதியது.

உச்சிக்குப் போன பிறகு மோட்டார் கிடையாது. இன்றைக்கு ஏவுகணை மாதிரி உந்தித் தள்ளும் வகைகளும் இருக்கின்றன, ஆனால் செயின் வகையில் மீதி ஓட்டம் முழுக்கப் பூமியின் இழுப்புதான். நம் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோபுரம் 100 அடிக்கு மேல், அதாவது ஏறக்குறைய 30 மீட்டர். அந்த உயரத்திலிருந்து ஒரு வண்டி இறங்கினால் கணக்குப்படி கீழே மணிக்கு சுமார் 87 கிலோமீட்டர் வேகம் வர வேண்டும். காற்றும் உராய்வும் அதில் கொஞ்சம் தின்றுவிடும். இந்தக் கணக்கில் எடைக்கு இடமே இல்லை. அதனால் "நான் குண்டு, எனக்கு ஆபத்து" என்று யாரும் ஒதுங்க வேண்டாம், ஆளைச் சீட்டோடு பிடிக்கும் பூட்டு சரியாக மாட்டினால் போதும். முதல் மேடுதான் இருப்பதிலேயே உயரம், அடுத்தடுத்த மேடுகள் ஏன் குள்ளமாகின்றன என்று பெண்ணிடம் கேட்டுப்பாருங்கள். 13 வயதுப் பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கும்.

தலைகீழ் வளையத்தைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். 1895இல் கோனி ஐலண்டிலேயே சுத்த வட்டமாக ஒரு வளையம் கட்டிப் பார்த்தார்கள். ஏறியவர்களுக்குக் கழுத்து வலி மிஞ்சியது. காரணம் எளிது. வட்டமான வளையத்தில், உச்சியில் விழாமல் இருக்கத் தேவையான குறைந்தபட்ச வேகத்தில் போனால்கூட, கீழே நுழையும்போது உடம்பின் எடை ஆறு மடங்காக அழுத்தும். 60 கிலோ ஆள் 360 கிலோவாக உணர்வார். 1976இல் ஜெர்மனிக்காரர்கள் ஆன்டன் ஷ்வார்ட்ஸ்கோப்பும் வெர்னர் ஸ்டெங்கலும் கலிபோர்னியாவில் கட்டிய ஒரு கோஸ்டரில் வளையத்தைக் கண்ணீர்த் துளி வடிவத்துக்கு மாற்றினார்கள். கீழே அகலமான வளைவு, மேலே மட்டும் குறுகல். அழுத்தம் உடம்பு தாங்குகிற அளவுக்கு இறங்கியது. தரையில் நின்று வளையத்தைப் பார்க்கும்போது அது வட்டமா, துளியா என்று பாருங்கள். நான் பார்த்த எல்லாமே துளிதான்.

ஓட்டம் முடிந்து மேடைக்கு முன்னால் வண்டி திடீரென்று நின்றுவிட்டால் பதற வேண்டாம். காட்பாடி ஜங்ஷனுக்கு வெளியே அவுட்டரில் ரயில் நிற்குமே, அதே காரணம். பாதையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரு வண்டிக்கு மேல் விடமாட்டார்கள். பல ரைடுகளில் பிரேக்குக்குக் கரண்டே தேவையில்லை. வண்டியின் உலோகத் தகடு நிரந்தரக் காந்தங்களுக்கு நடுவே நுழையும்போது தானாக வேகம் குறையும். செம்புக் குழாய் ஒன்றில் காந்தத் துண்டைப் போட்டு அது மெதுவாக இறங்குவதைப் பையனுக்குக் காட்டினால் குதிப்பான்.

இவ்வளவும் நிரந்தரமாகக் கட்டி, தினமும் காலையில் வெறும் வண்டியை ஓட்டிச் சோதிக்கிற இடங்களைப் பற்றிச் சொன்னது. திருவிழாவுக்கும் பொருட்காட்சிக்கும் நாலு நாளில் முட்டுக் கொடுத்து நிறுத்தும் ராட்சத ராட்டினங்களை நான் இந்தக் கணக்கில் சேர்க்கமாட்டேன். அதில் ஏறுவதற்கு முன் அடியில் கட்டை வைத்து மட்டம் சரிசெய்திருக்கிறார்களா, போல்ட் கழலாமல் குறுக்கே ஊசி மாட்டியிருக்கிறார்களா என்று நானே குனிந்து பார்ப்பேன். திருப்தி இல்லை என்றால் பிள்ளை அழுதாலும் பஞ்சுமிட்டாய் வாங்கிக் கொடுத்துத் திரும்பிவிடுவேன்.

இப்போது ஊர் விஷயம். சென்னைப் பக்கம்தான் என் ஓட்டு. 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் வொண்டர்லா கேளிக்கைப் பூங்கா திறந்திருக்கிறது. அங்கே 'தஞ்சோரா' என்று ஒரு கோஸ்டர். சுவிட்சர்லாந்தின் பாலிகர் அண்ட் மபியார் செய்தது, இந்தியாவில் அவர்களுடைய முதல் கோஸ்டர். தண்டவாளம் தலைக்கு மேலே, உங்கள் கால் அந்தரத்தில். இந்தத் தொங்கும் வகையை உலகத்துக்குக் கொண்டுவந்ததே அந்தக் கம்பெனிதான், 1992இல் அமெரிக்காவில். மற்ற பெரும்பாலான கோஸ்டரில் காலுக்குக் கீழே ஒரு பலகையாவது இருக்கும். இதில் கீழே பார்த்தால் மண்தான் தெரியும். வேலூரிலிருந்து சுமார் 135 கிலோமீட்டர் தூரத்தில் இப்படி ஒன்று வரும் என்று பத்து வருஷம் முன்னால் யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன்.

பெங்களூர்ப் பக்கம் பிடதியில் இருக்கும் வொண்டர்லா 2005இலிருந்து இருக்கிறது. அங்கே 'ரீகாயில்' என்ற கோஸ்டர் வண்டியைப் பின்னால் இழுத்து மேலேற்றி விட்டுவிடும். வளையங்களைத் தாண்டி எதிர்க் கோபுரத்தில் ஏறி, அங்கிருந்து அதே பாதையில் முதுகுப்புறமாகத் திரும்பி வரும். அடுத்து என்ன வரப்போகிறது என்று கண்ணுக்குத் தெரியாத அந்தப் பின்னோட்டம் அருமையான அனுபவம். வெயிலும் அங்கே நம் ஊரைவிடச் சாது. ஆனால் பள்ளிகொண்டா, வாணியம்பாடி, கிருஷ்ணகிரி என்று டோல் டோலாகத் தாண்டி, ஓசூர், அத்திப்பள்ளி நெரிசலில் ஊர்ந்து, ஊருக்குள் போகாமல் சுற்றிப் போகும் நைஸ் ரோடு பிடித்து மைசூர் சாலைக்குப் போக ஐந்து மணி நேரம் ஆகிவிடும். ஒருவரே ஓட்டி அதே நாளில் திரும்புவது வேண்டவே வேண்டாம். இரண்டு நாள் ஒதுக்கினால் போங்கள். ஆம்பூர் பிரியாணியைத் திரும்பி வரும்போது வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது வயிறு முட்டச் சாப்பிட்டுப் பின்னோட்டத்தில் உட்கார்ந்தால் பக்கத்து சீட்டுக்காரர் பாவம்.

பூந்தமல்லிக்கு முன்னால் நம் சாலையிலேயே பழஞ்சூரில் குயின்ஸ்லேண்ட் இருக்கிறது. ஈ.சி.ஆர். பக்கம் எம்.ஜி.எம்., வி.ஜி.பி. குடும்பத்தோடு பொழுதுபோக்க நல்ல இடங்கள். உங்கள் பிள்ளைகள் கேட்பது பெரிய கோஸ்டர் என்பதால் அவற்றுக்குள் போகவில்லை.

பாதை: காலை 6 மணிக்குச் சத்துவாச்சாரியில் ஏறுங்கள். ரத்தினகிரி, ஆற்காடு பைபாஸ், பாலாற்றுப் பாலம், வாலாஜா டோல். பாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று முந்தின ராத்திரியே பாருங்கள். காவேரிப்பாக்கத்தில் இடப்பக்கம் பல்லவர் காலத்து ஏரி, மழை பெய்த வருஷமென்றால் கடல் மாதிரி கிடக்கும். அதன் பிறகு ஓச்சேரி, தாமல். ஆறு வழிச்சாலை வேலை வருஷக்கணக்கில் நடப்பதால் சில இடங்களில் திடீரென்று சர்வீஸ் ரோட்டில் தள்ளிவிடுவார்கள், அங்கே வேகம் கூடாது. காஞ்சிபுரத்தில் திரும்பி வாலாஜாபாத் வழியாகச் செங்கல்பட்டு, அங்கிருந்து திருப்போரூர். ஒன்பது, ஒன்பதரைக்குச் சேர்ந்துவிடலாம். நேரம் இருந்தால் அம்மாவைத் திருப்போரூர் கந்தசாமி கோவிலுக்குக் கூட்டிப்போங்கள். பேரப்பிள்ளைகள் பெயரில் ஒரு அர்ச்சனை செய்துவிட்டால் அவர்கள் மனசும் ஆறும், மதியம் நிம்மதியாக நிழலில் உட்கார்ந்திருப்பார்கள்.

கிளம்புவதற்கு முன் ஒரு வேலை மறக்க வேண்டாம். பையனைச் செருப்பில்லாமல் சுவரோடு நிற்க வைத்து அளவெடுங்கள். பெரிய ரைடுகளில் பெரும்பாலும் 140 செ.மீ. வேண்டும் என்பார்கள். 9 வயதுப் பையன் அதைத் தொடுவது அபூர்வம். மூன்று மணி நேரம் பயணம் செய்து, வரிசையில் நின்று, வாசலில் அளவுகோல் வைத்துத் திருப்பி அனுப்பினால் அந்தப் பிள்ளை முகத்தைப் பார்க்க முடியாது. என் தங்கை மகனுக்கு அப்படி நடந்தது, அன்றைக்கு முழுக்க அவன் பேசவில்லை. உயரம் போதாது என்று தெரிந்தால் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள், "உனக்கு இந்த வருஷம் சின்னக் கோஸ்டர், தண்ணீர் ரைடு; அக்காவுக்கு மட்டும் பெரியது" என்று. ஆபரேட்டரிடம் கெஞ்சி ஏற்றிவிடப் பார்க்காதீர்கள். அந்தப் பூட்டு ஒரு அளவு உடம்புக்காகச் செய்தது, ஒல்லிப் பிள்ளை அதற்குள் நழுவும்.

இதய நோய், ரத்த அழுத்தம், முதுகு, கழுத்துத் தொந்தரவு, சமீபத்தில் ஆபரேஷன், கர்ப்பம் இதில் எது இருந்தாலும் கீழே நிற்பதுதான் சரி. நம் ஊருக்குச் சிகிச்சைக்கு வந்த உறவினரை "மனசு மாற்றமா இருக்கட்டும்" என்று கூட்டிப்போகிற வழக்கம் இருக்கிறது. கூட்டிப்போங்கள், ஏற்றாதீர்கள்.

உள்ளே போனதும் கால் நனைப்பதற்கு முன் நேராகப் பெரிய கோஸ்டருக்கு நடங்கள். எல்லோரும் வாசலுக்குப் பக்கத்தில் இருப்பதில் முதலில் நிற்பார்கள், அந்த முதல் அரை மணி நேரம் உங்களுடையது. ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் இரண்டு, மூன்று இட்லி போதும். வெறும் வயிறும் ஆகாது. துப்பட்டா, செருப்பு, செல்போன், சட்டைப்பையில் சில்லறை எதுவும் வேண்டாம். நீளமான முடியை இறுக்கிப் பின்னி உள்ளே சொருகிவிடுங்கள். முதல் தடவை நடு வரிசை, அங்கேதான் ஆட்டம் கம்மி. இரண்டாவது தடவை முன் வரிசை, காட்சிக்காக. பழகின பிறகு கடைசி வரிசைக்குப் போங்கள். முன்பகுதி இறங்க ஆரம்பித்த பிறகு வால் பகுதி மேட்டை வேகமாகத் தாண்டும், அடிவயிறு காணாமல் போவது அங்கேதான். தலையைப் பின்பலகையில் ஒட்டி வையுங்கள். கண்ணை மூடக் கூடாது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஒன்று சொல்ல, கண் இருட்டில் இருந்தால் குமட்டல் வரலாம். தண்டவாளம் போகிற திசையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் உடம்பு முன்கூட்டியே தயாராகிவிடும். இறங்கியதும் ஒரு துண்டு இஞ்சி மொரப்பா.

அக்னி நட்சத்திரத்தில் வேண்டாம், பள்ளி விடுமுறைக் கூட்டமும் அப்போதுதான். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் இடியும் வந்தால் ரைடை நிறுத்திவிடுவார்கள். ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் ஒரு வார நாள், பிள்ளைகளுக்கு ஒரு நாள் லீவு போட்டால்கூடப் பரவாயில்லை.

இனி திரும்பும் சாலை. நான்கு வருஷம் முன்னால் இப்படித்தான் ஒரு பூங்காவுக்குப் போய், வெயிலில் அலைந்து, சாயங்காலம் வரை தண்ணீரில் ஊறி, இரவு 9 மணிக்குக் கிளம்பினேன். ஓட்டுவது நான் மட்டும். பின்னால் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். ஓச்சேரி தாண்டி எப்போது கண் சொக்கியது என்று எனக்கே தெரியாது. சாலையோரத்து ஜல்லியில் டயர் இறங்கிய சத்தத்தில் என் மனைவி கத்திய கத்தலில்தான் விழித்தேன். எதிரே விளக்கே இல்லாமல் ஒரு லாரி நின்றிருந்தது. பத்தடி. வண்டியை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் கை நடுங்க உட்கார்ந்திருந்தேன். பூங்காவில் என் மகளை மூன்று சக்கரமும் ஒரு பூட்டும் காந்தப் பிரேக்கும் காத்தன. நெடுஞ்சாலையில் அவளுக்கு இருந்தது என் கண் இரண்டுதான், அதையும் நான் மூடிவிட்டேன்.

அதனால் ஒரே நாள் என்றால், மாலை 4 மணிக்கு வெளியே வந்துவிடுங்கள். அலைக்குளத்தைப் பாதியில் விட்டுவிட்டு வரப் பிள்ளைகள் முரண்டு பிடிப்பார்கள், இரக்கம் காட்டாதீர்கள். இருட்டுவதற்கு முன் காஞ்சிபுரத்தைத் தொட வேண்டும். அங்கே அரை மணி நேரம் இறங்கி நடந்து டீ குடியுங்கள். மனைவிக்கு ஓட்டத் தெரியாது என்றால், ஓட்டத் தெரிந்த மச்சானையோ சித்தப்பா மகனையோ சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒரு நாளைக்கு டிரைவர் வையுங்கள். அதுவும் முடியாவிட்டால் செங்கல்பட்டிலோ மாமல்லபுரத்திலோ அறை எடுத்துத் தங்கிவிட்டு, காலையில் கடற்கரைக் கோவிலைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஒரு ராத்திரி வாடகை பெரிதில்லை. திரும்பி வரும்போது ஆற்காட்டில் மக்கன் பேடா வாங்கவும் பகல் வெளிச்சம் இருக்கும்.

அம்மாவை முன்சீட்டில் உட்கார வையுங்கள். வழி நெடுக உங்களோடு பேசிக்கொண்டு வரும் வேலையை அவர்களிடம் கொடுங்கள், "நான் கொட்டாவி விட்டா வண்டிய ஓரங்கட்டச் சொல்லும்மா" என்று. பேரப்பிள்ளைகளைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்கிற அவர்கள் தவிப்புக்கு அந்த இடத்தில் உண்மையிலேயே வேலை இருக்கிறது.